இந்தத் தெருவில் குடியிருப்பவர் யார்?

இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். கூடவே கல்லூரி மாணவர்கள் ஆறு பேர். சென்னையின் மேற்கே, மரங்கள் அடர்ந்த நான்கைந்து தெருக்கள். பகுதியின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த இடத்தைப் பற்றியதாகிவிடும். விஷயமோ எல்லா இடத்துக்கும் பொதுவானது. தெருவில் வண்டி நிறுத்துவதை ஒழுங்குபடுத்தப் போகிறார்கள், அதற்குக் குடியிருப்போரின் கருத்தைக் கேட்க வேண்டும், கணக்கெடுக்க ஆள் தேவை என்று அழைப்பு வந்தது. போனோம்.

படிவத்தில் முதல் கேள்வி வீட்டு எண், பிளாட் எண். இரண்டாவது கேள்வி: உங்களிடம் எத்தனை கார் இருக்கிறது? "இல்லை" என்று பதில் வந்தால் ஓர் அம்புக்குறி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகும். அங்கே அச்சடித்திருந்தது: "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி."

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் போனேன். பின்தெருவில் இருக்கும் வாரியக் குடியிருப்பில்தான் அவர் வீடு. அந்தத் தெருவில் முப்பது வருடமாக நிற்கிறார். எதிரே இருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களில் பாதி அவர் கண்முன்னே எழும்பியவை. கார் இல்லை என்றார். படிவம் சொன்னபடி நான் நன்றி சொன்னேன். "அவ்ளோதானா? இதுக்கா வெயில்ல இவ்ளோ தூரம் வந்தே?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "கோடு போட்டாங்கன்னா என் வண்டி எங்கம்மா நிக்கும்?"

படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தேன்.

திட்டம் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவில் வெள்ளைக் கோடு போட்டு வண்டி நிறுத்தும் கட்டங்களைப் பிரிப்பார்கள். அந்தத் தெருவாசிகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் பெறும் அனுமதிச் சீட்டு. மற்றவர்கள் மணிக்கணக்கில் காசு கட்ட வேண்டும். கட்டத்துக்கு வெளியே நின்றால் அபராதம். யோசனை புதிதல்ல. லண்டனில் 1958-லேயே பார்க்கிங் மீட்டர் வந்துவிட்டது. இன்று அந்த நகரத்தின் பெரும்பாலான உட்பகுதிகளில் தெருவாசிச் சீட்டோ கட்டணமோ இல்லாமல் பகலில் தெருவில் கார் நிறுத்த முடியாது. டெல்லியில் 2019-ல் பார்க்கிங்குக்கென்றே தனி விதிகள் வந்தன. லாஜ்பத் நகரில் முதலில் செய்து பார்த்தார்கள். இங்கே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அண்ணா நகரை மாதிரிப் பகுதியாக எடுத்துக்கொண்டது. புதுக் கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. ஜப்பானில் இது 1962 முதல் சட்டம்.

கணக்கெடுப்பு முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். ஐம்பது பேர் வந்திருப்பார்கள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: பேசியவர்கள் கெட்டவர்கள் அல்ல. நம் எழுத்துகளில் 'நடுத்தர வர்க்கம்' என்று ஒரே வார்த்தையில் எல்லாரையும் மூட்டை கட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. அந்த அறையில் அப்படி இல்லை.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். ஒரு நாள் ராத்திரி மனைவிக்கு மூச்சுத்திணறல். வந்த ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கார், நடுவில் ஒரு ஆட்டோ நுழையும் இடம்கூட இல்லை. ஸ்ட்ரெச்சரை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. வாடகைக்கு இருக்கும் ஓர் இளைஞர், கட்டடத்துக்கு அடியில் தன் பிளாட்டுக்குரிய பார்க்கிங்கில் வீட்டுக்காரர் தன் இரண்டாவது காரைப் போட்டு மூடி வைத்திருப்பதாகவும், அதனால்தான் தன் கார் தெருவில் நிற்கிறது என்றும் சொன்னார். வீட்டுப் பத்திரத்தைக் காட்டினால்தான் சீட்டு என்றால் தனக்கு என்ன கதி என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓர் அம்மாள், வாரம் ஒருமுறை தன்னைப் பார்க்க வரும் மகள் பார்க்கிங் காசை நினைத்து வராமல் போய்விடுவாளோ என்று கவலைப்பட்டார். மூன்று கார் வைத்திருக்கும் ஒருவர் மூன்றுக்கும் சீட்டு வேண்டும் என்றார். அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் பார்க்கிங் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஒரு அலுவலகம் வாடகைக்கு ஓடுகிறது. இதைச் சொன்னவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். கூட்டத்தில் சிரிப்பு எழுந்த ஒரே இடம் அதுதான்.

இத்தனை வேறுபட்ட கருத்துகளும் ஒரு சொல்லில் வந்து ஒன்றுசேர்ந்தன. 'வெளியாட்கள்.' வெளியாட்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். வெளியாட்கள் தெருவில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெளியாட்களுக்குக் கட்டணத்தை இரண்டு மடங்கு வையுங்கள்.

யார் இந்த வெளியாட்கள் என்று கேட்டேன். மெட்ரோவுக்குப் போகிறவர்கள், கிளினிக்குக்கு வருகிறவர்கள் என்று ஆரம்பித்தது பதில். அது சரிதான். பிறகு டெலிவரி பையன்கள். பிறகு வீட்டு வேலைக்கு வருகிற பெண்களைக் கொண்டுவந்து விடும் ஆண்களின் பைக். கடைசியாக ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பின்னாடி போர்டு குவார்ட்டர்ஸ்காரங்க டூவீலர் எல்லாம் நம்ம தெருவுலதான் மேடம் நிக்குது" என்றார்.

பின்னாடி என்றால் எவ்வளவு தூரம்? நடந்தால் இரண்டு நிமிடம். அந்தக் குடியிருப்பு, எதிரே இருக்கும் அடுக்குமாடிகள் எல்லாவற்றையும்விடப் பழையது. கட்டிய காலத்தில் ஏழைக்கு வண்டி எதற்கு என்று பார்க்கிங்குக்கு ஓரடி நிலம்கூட விடவில்லை. இப்போது அங்கே வீட்டுக்கு ஒரு டூவீலர் இருக்கிறது. பெயிண்டர், பிளம்பர், டெலிவரி செய்கிறவர் எல்லாருக்கும் அதுதான் பிழைப்பு. வண்டியை அவர்கள் எங்கே நிறுத்துவார்கள்? எங்கள் கணக்கெடுப்புத் தெருக்களின் பட்டியலில் அந்தக் குடியிருப்பு இல்லவே இல்லை. திட்ட வரைபடத்தின் எல்லைக்கோடு அதன் மதில்சுவரை ஒட்டி வளைந்து போகிறது.

சேரியை ஊருக்கு வெளியே வரைவது நமக்குப் புதிய வரைபடமா?

அவசரப்பட வேண்டாம். பார்க்கிங் சீட்டும் தீண்டாமைச் சுவரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சுவருக்கு எதிராகப் போராடியவர்களை அவமதிப்பது. ஆனால் தெரு யாருக்கு என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, அதை மறந்துவிட்டு இந்தக் கூட்டங்களுக்குப் போக முடியாது. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுத் தெரு, சாலை, கிணறு ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அது அரசாணையாகவும் வந்தது. பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவில் கிணறு, குளம், படித்துறையோடு சாலையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் சாலையைப் பயன்படுத்த சாதியின் பெயரால் தடை போட முடியாது. சாலை என்பது நம் மக்கள் கேட்டுப் பெற்ற பொருள்.

இன்று யாரும் சாதியைக் கேட்டுச் சீட்டு கொடுக்கப்போவதில்லை. முகவரியைத்தான் கேட்பார்கள். சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நகரத்தில் முகவரி என்பது சாதி கழுவப்பட்ட தகவலா? 2015-ல் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் டெல்லியைச் சுற்றி வாடகை வீட்டுச் சந்தையை ஆராய்ந்தார்கள். ஒரே தகுதி, ஒரே வாடகை கொடுக்கும் வசதி இருந்தும் பெயரை வைத்தே தலித்துகளும் முஸ்லிம்களும் அதிகமாக மறுக்கப்பட்டார்கள். வீடு தேடி அலைந்த நம்மில் யாருக்கும் இது ஆய்வு படித்துத் தெரிய வேண்டிய செய்தி அல்ல. சைவமா என்ற ஒரு கேள்வி போதும். ஒரு முகவரிக்குள் நுழைவதே சாதியால் வடிகட்டப்படும்போது, அந்த முகவரியோடு ஒட்டி வரும் ஒவ்வொரு சலுகையும் அதே வடிகட்டி வழியாகத்தான் வரும்.

அமெரிக்காவில் ஆர்லிங்டன் என்ற இடத்தில் தெருவாசிகளுக்கு மட்டும் பார்க்கிங் என்ற விதியை எதிர்த்து வழக்கு போனது. 1977-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. உள்ளூர்வாசி, வெளியூர்வாசி என்று பிரிப்பது சமத்துவத்துக்கு விரோதமல்ல என்பது தீர்ப்பு. அங்கே வழக்கு, புறநகரிலிருந்து காரில் அலுவலகம் வருகிறவர்களுக்கும் தெருவாசிகளுக்கும் இடையே. கார் வைத்திருப்பவருக்கும் கார் வைத்திருப்பவருக்கும் நடந்த சண்டை. இங்கே வெளியாள் என்று ஒதுக்கப்படுபவர் அந்தத் தெருவைப் பெருக்குகிறவர், அந்தத் தெருவின் துணியைத் தேய்க்கிறவர். அவர் இரவு தூங்கும் இடம் இரண்டு நிமிட தூரம். அவர் எப்படி வெளியாள் ஆனார்?

இப்போது நம் தோழர்களோடு ஒரு சண்டை. பார்க்கிங் கட்டணம் என்றதும் "ஏழை வயிற்றில் அடிக்கும் திட்டம்" என்று துண்டறிக்கை அடிக்கிறார்கள். எந்த ஏழை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கார் வைத்திருந்த இந்தியக் குடும்பங்கள் 4.7 சதவீதம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்விலும் அது 8 சதவீதத்தைத் தாண்டவில்லை. பெருநகரத்தில் அதிகம் இருக்கும்தான், ஆனால் அங்கும் பெரும்பான்மை வீடுகளில் கார் இல்லை. காசில்லாமல் தெருவில் கார் நிறுத்துவது ஏழையின் உரிமை அல்ல. கார் இல்லாதவர்களின் நிலத்தில் கார் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் மானியம். அதைக் காப்பாற்ற நாம் ஏன் கொடி பிடிக்க வேண்டும்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கு வழக்கமான அளவு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். பன்னிரண்டரை சதுர மீட்டர், அதாவது 134 சதுர அடி. கண்ணகி நகரில் ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியை ஒட்டியவை. கூவம் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பிடுங்கி எடுத்து, ஒரு குடும்பத்துக்கு வாழ்நாள் முழுக்க வாழ அரசு அளந்து கொடுத்த இடமும், ஒரு கார் ராத்திரி தூங்குவதற்குத் தெருவில் இலவசமாகக் கிடைக்கும் இடமும் அளவில் இவ்வளவுதான் வித்தியாசம். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கையும் சென்னைக் குடிசைவாசிகள் வழக்கையும் உச்ச நீதிமன்றம் ஒரே காலத்தில் தீர்த்தது. வாழ்வாதாரம் வாழும் உரிமையின் பகுதி என்று ஒப்புக்கொண்டது, ஆனாலும் நடைபாதையில் வசிக்க உரிமை இல்லை என்றது. நடைபாதையில் மனிதன் தூங்குவது ஆக்கிரமிப்பு. கார் தூங்கினால் அதற்குப் பெயர் பார்க்கிங்.

ஆகவே கட்டணம் வரட்டும். ஆனால் எந்தக் கட்டணம்? சென்னை மாநகராட்சியின் கட்டணத் தெருக்களில் காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூவீலருக்கு 5 ரூபாய் என்று வசூலித்தார்கள். பார்த்தால் டூவீலருக்குக் கருணை காட்டியதுபோல இருக்கும். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறு டூவீலரைத் தாராளமாக நிறுத்தலாம். ஆறு ஐந்து முப்பது. அதே நிலத்துக்கு டூவீலர்காரர்கள் சேர்ந்து 30 ரூபாய் கொடுக்கிறார்கள், கார்காரர் 20 கொடுக்கிறார். நிலத்தின் மதிப்புக்கு ஏற்ப பார்க்கிங் கட்டணம் இருக்க வேண்டும் என்று 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. அதை அப்படியே கடைப்பிடித்தாலே போதும், டூவீலர் கட்டணம் குறையும், கார் கட்டணம் ஏறும். கூட்டத்தில் இதைச் சொன்னபோது, மேடையில் இருந்த அதிகாரி கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தார். மறுக்கவில்லை. குறித்துக்கொள்ளவும் இல்லை.

வசூலாகும் பணம் எங்கே போகும் என்பது அடுத்தது. இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டும் பெயர் டொனால்ட் ஷூப். இலவசப் பார்க்கிங்குக்கு நகரம் கொடுக்கும் விலையைப் பற்றி 2005-ல் பெரிய புத்தகம் எழுதியவர். இலவசம் என்பது மானியம் என்ற அவர் வாதத்தை நான் மேலே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய இன்னொரு யோசனை, வசூலான பணத்தை அந்தந்தத் தெருவுக்கே செலவழியுங்கள், அப்போது மக்கள் கட்டணத்தை எதிர்க்க மாட்டார்கள் என்பது. கலிஃபோர்னியாவில் பாசடீனா நகரத்தின் பழைய கடைவீதியில் அது நன்றாகவே வேலை செய்தது. சென்னையில் செய்தால் என்ன ஆகும்? கார் நிறைய நிற்கும் தெருவுக்குப் பணம் நிறைய வரும். அந்தப் பணத்தில் அதே தெருவுக்கு கிரானைட் நடைபாதை, பூந்தொட்டி. காரே இல்லாத வியாசர்பாடிச் சந்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஒன்றும் வராது. இந்த இடத்தில் ஷூப்பை நான் விட்டுவிடுகிறேன். கார் நின்ற காசு பேருந்துக்குப் போகட்டும். பெரும்பாக்கத்திலிருந்து வீட்டு வேலைக்கு விடியற்காலையில் கிளம்பும் பெண்களுக்கு அடிக்கடி பஸ் வரட்டும்.

இஸ்திரி வண்டி அக்காவின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் சட்டத்தில் இருக்கிறது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு நகரத்திலும் வியாபாரக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் 40 சதவீதம் உறுப்பினர்கள் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. ஆக, தெருவில் கார் கட்டம் வரைவதற்கு முன்னால் வண்டிக்கடைக் கட்டத்தை வரைந்தாக வேண்டும். நாங்கள் பார்த்த வரைபடத்தில் கார், டூவீலர், மரம், மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றுக்கும் குறி இருந்தது. இஸ்திரி வண்டிக்கோ, இளநீர்க் கடைக்கோ, ஆட்டோ ஸ்டாண்டுக்கோ, தூய்மைப் பணியாளர்கள் தங்கள் மூன்று சக்கர வண்டியை நிறுத்தும் இடத்துக்கோ குறி இல்லை. அந்த வரைபடத்தைச் செய்தவர்கள் பகலில் தெருவில் நின்று பார்க்கவில்லையா, பார்த்தும் கண்ணில் படவில்லையா? இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

ஆம்புலன்ஸ் பெரியவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அவர் தெருவில் ஒரு பக்கம் முழுவதையும் காலியாக வைப்பதுதான் தீர்வு. அந்த இழப்பை மூன்று கார்காரர் ஏற்க வேண்டும், கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டவர் அதை மீண்டும் பார்க்கிங்காக்க வேண்டும். வீட்டு வாசலில் தானாக எழுதி மாட்டிய 'நோ பார்க்கிங்' பலகைக்கும், ரோட்டில் வைத்த மணல் மூட்டைக்கும் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போதான் நிறுத்துமிடத்தைத் தீர்மானிக்க முடியும். இதையெல்லாம் செய்தாலே அந்தத் தெருவில் இடம் பிறந்துவிடும். வாரியக் குடியிருப்பின் டூவீலர்களை விரட்ட வேண்டிய அவசியமே வராது.

உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு கணக்கெடுப்பு வரும். வந்தால் முதலில் வரைபடத்தின் எல்லைக்கோட்டைப் பாருங்கள். அருகில் உள்ள வாரியக் குடியிருப்பு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வித்தாளின் நகலையும், யார் யாரிடம் கேட்டார்கள் என்ற விவரத்தையும் வாங்குங்கள். நலச் சங்கத்தின் கடிதம் மட்டும் 'மக்கள் கருத்து' ஆகிவிடக் கூடாது. 2022 முதல் நகரங்களில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் உண்டு. பகுதி சபையில் வாக்காளர் எல்லாரும் உறுப்பினர். கார் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்தத் திட்டம் அங்கே வைக்கப்பட வேண்டும் என்று மனு கொடுங்கள்.

நாங்கள் படிவங்களின் ஓரத்தில் எழுதியவை என்ன ஆயின என்று விசாரித்தேன். கணினியில் ஏற்றும்போது ஓரத்துக் குறிப்புக்கு வரிசை இல்லை, அதனால் ஏற்றவில்லை என்றார்கள். காகிதங்கள் மூட்டையாக இருக்கின்றன. அவற்றை எடுத்து ஏற்றச் சொல்லியும், வாரியக் குடியிருப்பில் புதிதாகக் கணக்கெடுக்கச் சொல்லியும் மாணவர்கள் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டமும் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அந்தக் குடியிருப்பின் பெண்கள் மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இஸ்திரி அக்காவுக்கு அது அடுப்புக்கரி போட்டுத் துணி முடிக்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில், குடியிருப்பு முற்றத்திலேயே கூட்டத்தை வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.